வீட்டுக்கு மூக்கு எங்கே?

எங்கள் அப்பா தோட்டத்துத் தச்சர். குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் லயத்துக் கூரை ஒழுகினாலும், ஆயாக் கொட்டகையில் தொட்டில் கம்பு முறிந்தாலும், துரை பங்களாக் கதவு மழையில் ஊதிப்போய்ச் சாத்த மறுத்தாலும் "தச்சரைக் கூப்பிடு" என்பார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு.

"இந்த வீட்டுக்கு மூக்கு எங்கே?"

மூக்கு என்றால் காற்று வந்து போகும் வழி. பதில் வருவதற்குள் அந்த வீட்டுச் சாமி மாடத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, நடுக்கூடத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். புகை சாய்ந்து ஓடினால் முகம் மலரும். நட்டு வைத்த காண்டாக் கம்பு போல நேராக நின்றால் உதட்டைப் பிதுக்குவார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதைச் செய்துவிட்டு, "பொண்ணு நல்ல பொண்ணு, வீடுதான் மூச்சு விடலை" என்று சொல்லிவிட்டார். அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அப்பா போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஊதுபத்தியை நான் மறுபடி கையில் எடுக்க நேர்ந்த கதைதான் இது. நடுவே சிங்கப்பூரின் பெரிய பெரிய கட்டடங்களும் வந்து போகும். தோட்டத்து ஆளுக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புக்குக் கைமாறிவிட்டது. மிச்சமிருந்த 38 குடும்பங்களுக்குத் தோட்டத்து மூலையிலேயே வரிசை வீடு கட்டித் தருவதாகப் பேசி முடித்தார்கள். அதில் ஒரு வீடு அம்மாவின் பெயரில். வீடு வரும்வரை அம்மா ஜொகூர் பாருவில் என் தம்பியின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ஐந்து மாடி, மின்தூக்கி கிடையாது. நடுவில் இருட்டான நடை, இரண்டு பக்கமும் எதிரெதிரே கதவுகள். சன்னல் ஒரு பக்கம் மட்டும், அதுவும் மேற்கே. மூன்று மணிக்கு மேல் சுவரில் கை வைத்தால் சுடும். எழுபத்தொன்பது வயதுக்காரர் மாடிப்படியில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார். படியில்தான் கொஞ்சம் காற்று வருகிறதாம்.

இந்த நிலையில்தான் புது வீட்டுக்கான வரைபடம் வந்தது. தோட்டத்துத் தலைவர் என்னிடம் நகல் ஒன்றைக் கொடுத்து, "தச்சர் மகதானே, பார்த்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். இரண்டு வரிசை, வரிசைக்கு 19 வீடு, எல்லா வாசலும் மேற்கு பார்த்து. ஓட்டுக்குப் பதிலாகத் தகரம். நடு அறைக்கு சன்னலே இல்லை. அப்பா இருந்திருந்தால் காகிதத்தின் மேலேயே ஊதுபத்தியை வைத்திருப்பார்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அம்மாவுக்கு ஒரு நேர்த்திக்கடன். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு மாவிளக்கு. அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைப் பக்கம் பசியாறிவிட்டு, நிலத்தடி ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம். பெயர்ப்பலகையில் தமிழிலும் 'சைனாடவுன்' என்று எழுதியிருக்கும். அம்மாவுக்கு அதைப் படித்ததில் அவ்வளவு மகிழ்ச்சி. சீனர் வட்டாரத்தின் நடுவே மாரியம்மன் எப்படி வந்தாள் என்று கேட்பவர்கள் உண்டு. 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்த நாராயண பிள்ளை முன்னின்று, 1827இல் மரமும் அத்தாப்பும் வைத்து எழுப்பிய கோயில் அது. சிங்கப்பூரில் மிகப் பழைய இந்துக் கோயில். பக்கத்துத் தெருக்களுக்குப் பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் என்ற பெயர்கள் வந்ததும் இந்தக் கோயிலால்தான்.

அப்பாவோடு நான் முதன்முதலில் அங்கே போனது 1984இல், எனக்குப் பதினேழு வயது. சாமி கும்பிட்டு முடிந்ததும் அப்பா நேரே பகோடா ஸ்திரீட்டுக் கடைவீடுகளின் முன்னால் போய் நின்றுகொண்டார். கையில் கோயில் ஊதுபத்தி. நாங்கள் 'அஞ்சடி' என்போமே, மலாய்க்காரர் காக்கி லீமா என்பார்களே, அந்த நடைபாதைதான் அவரைப் பிடித்து நிறுத்தியது. மாடி முன்னுக்கு நீண்டு, கீழே வரிசையாகத் தூண்கள், வெயிலும் மழையும் படாமல் கடைக்குக் கடை நடந்து போகலாம். 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டக் குழுவுக்கு எழுதியபோதே, ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் மூடிய நடை இருக்க வேண்டும், அது தெரு நெடுக இடைவெளியில்லாமல் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று விதித்திருந்தார். அப்பாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. "தெரு முழுக்க ஒரே திண்ணையாக் கட்டிட்டான் பாரு" என்றார்.

கடைக்கார சீனக் கிழவர் ஒருவர் அவரை விநோதமாகப் பார்த்தார். அப்பா தம்முடைய சந்தை மலாயில் ஏதோ சொல்ல, அவர் சிரித்து உள்ளே வரச் சொன்னார். கடைவீடு என்பது முகப்பு குறுகலாகவும், ஆழம் அதைப் போல் மூன்று நான்கு மடங்காகவும் இருப்பது. பக்கச் சுவர்கள் இரண்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை. அப்படிப்பட்ட குகைக்குள் வெளிச்சம் எப்படி வரும்? நடுவே கூரையைத் திறந்து விட்டிருந்தார்கள். நம் செட்டிநாட்டு வீட்டு முற்றம் போல, ஆனால் சின்னது. மழை விழுந்தால் தரையில் உள்ள வாய்க்கால் வழியே ஓடிவிடும். அப்பா ஊதுபத்தியைப் பிடித்தார். புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு வாசல் பக்கத்திலிருந்து வந்த காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் முற்றத்தில் விட, விறுவிறுவென்று மேலே ஏறியது. சூடான காற்று மேலே போகிறது, அந்த இடத்தை நிரப்பத் தெருக் காற்று உள்ளே வருகிறது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வீட்டின் கூரையில் திறப்பு வைப்பதும் இதே கணக்கில்தான்.

"ஷீட்டுக்குத் தெரிஞ்ச மரியாதை நம்ம ஆளுக்குத் தெரியலையே" என்று அப்பா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

லயத்து வீட்டை நினைத்துச் சொன்னார். அத்தாப்புக் கூரை தீப்பிடிக்கும், பூச்சி பிடிக்கும், இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டும். ஆனால் உள்ளே குளுமை. தகரம் நீடிக்கும், பகலில் சட்டியாகக் காயும். அந்தத் தகரத்தின் உச்சியில் ஒரு முழம் பிளந்து மேலே இன்னொரு குட்டிக் கூரை வைத்தால் சூடு வெளியே போகும் என்று அப்பா பலமுறை கேட்டுப் பார்த்தார். கடைசியில் ஆயாக் கொட்டகைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பால் வெட்டப் போன தாய்மார் திரும்பும் வரை பிள்ளைகள் அங்கே அழாமல் தூங்கியதை நானே பார்த்திருக்கிறேன். லயத்துக்கு அந்தப் பாக்கியம் வரவில்லை.

அன்று வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் பேர்ல்ஸ் குன்றின் மேல் அந்தக் கட்டடம் தெரிந்தது. பேர்ல் பேங்க் அடுக்குமாடி. 38 மாடி. 1976இல் கட்டி முடித்தபோது சிங்கப்பூரிலேயே உயரமான குடியிருப்பு. குதிரை லாடத்தைச் செங்குத்தாக நீட்டி விட்டது போன்ற உருவம். தான் செங் சியோங் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் வரைந்தது. கூடமும் படுக்கையறையும் வெளிச்சுற்றில் ஊரைப் பார்த்திருக்கும், அடுக்களை உள்வளைவில் இருக்கும். லாடத்தின் வாயை மேற்குப் பக்கமாகத் திருப்பி, பிற்பகல் வெயிலை அதிகச் சுவரில் வாங்காதபடி வைத்தார்கள். அந்தத் திறப்பின் வழியே உள்வளைவுக்குக் காற்றும் கிடைத்தது. அப்பா மாடிகளை எண்ண ஆரம்பித்து இருபதில் குழம்பிவிட்டார். "வளைச்சுக் கட்டினா எந்தச் சுவரும் முழு முதுகையும் வெயிலுக்குக் காட்டாது" என்று மட்டும் சொன்னார். கையைத் தட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு தச்சனுக்கு இன்னொரு தச்சன் செய்யும் மரியாதை அது.

குளிர் நாட்டில் பிறந்த சிமெண்டுப் பெட்டிக் கட்டடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் அது அடுப்பாகிவிடும். அதை வெப்ப நாட்டுக்கு ஏற்பத் திருத்தத் துணிந்தவர்கள் அந்தக் காலத்து இளம் கட்டடக் கலைஞர்கள். பேர்ல் பேங்குக்குக் கீழே, இன்றும் நிற்கும் பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸும் அப்படித்தான். 1966இல் அங்கிருந்த பழைய சந்தை தீயில் அழிந்தது. அந்த இடத்தில் வில்லியம் லிம், தே கெங் சூன், கோ சியோவ் சுவான் மூவரும் சேர்ந்து நடத்திய நிறுவனம் 31 மாடிக் கட்டடத்தை வரைந்தது. கடைகள் 1970இல் திறந்தன, மேலே உள்ள வீடுகள் 1973இல் முடிந்தன. கீழே பல மாடி உயரத்துக்கு ஒரு பெரிய கூடம். 'நகரத்தின் அறை' என்று அதற்குப் பெயர். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஃபுமிஹிக்கோ மாக்கியின் சிந்தனையிலிருந்து வந்த எண்ணம். மழைக்கு ஒதுங்க, சும்மா உட்கார, ஆளைப் பார்க்க, விலை கேட்டுவிட்டு வாங்காமல் போக, யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்காத இடம். அஞ்சடியைப் பெரிதாக்கி மேலே அடுக்கியது போல எனக்குப் பட்டது.

இந்த முறை அம்மாவை அங்கேதான் உட்கார வைத்தேன். சுற்றிலும் சீனத் தாத்தாக்கள், பாட்டிகள். அம்மா கால்களை நீட்டிக்கொண்டு, அரை மணி நேரத்தில் பக்கத்துப் பாட்டியோடு பேச்சுத் தொடங்கிவிட்டார். அவர் ஹொக்கியன், இவர் தமிழ், நடுவில் பத்து மலாய்ச் சொல். முழங்கால் வலியைப் பற்றி என்று கைச் சாடையில் புரிந்தது.

பேர்ல் பேங்கைத் தேடினேன். இல்லை. 2018இல் வீட்டுக்காரர்கள் கூட்டாக 72 கோடியே 80 லட்சம் வெள்ளிக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு இடிக்கத் தொடங்கினார்கள். வரைந்தவரே அதைக் காப்பாற்ற ஒரு திட்டம் கொடுத்துப் பார்த்தார், எடுபடவில்லை. இப்போது அதே இடத்தில் வேறு கோபுரங்கள். பீச் ரோட்டில் படிப்படியாகச் சரிந்து நிற்கும் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ், மேற்சொன்ன மூவர் நிறுவனத்துக் கைவேலை, அதற்கு மட்டும் அதிர்ஷ்டம். 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்துவிட்டார்கள். பழைய கடைவீடுகளுக்கு அந்தக் காப்பு 1989இலேயே வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன் "இடிந்து விழப்போகுது" என்று சொன்ன அதே வீடுகள் இன்று பல லட்சம் வெள்ளி பெறுகின்றன. பழசுக்கு மதிப்பு வரும் வரை அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய பாடு போலும்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஹொங் லிம் பூங்காவுக்கு எதிரே பார்க்ராயல் ஹோட்டல், 2013இல் திறந்தது. வோஹா என்ற நிறுவனத்தின் வேலை. மலைச் சரிவில் வயல் வெட்டியது போல வளைந்து வளைந்து சிமெண்டு அடுக்குகள், அவற்றிலிருந்து கொடிகளும் பனைகளும் தொங்குகின்றன. மொத்தம் 15,000 சதுர மீட்டர் பசுமை, அதாவது ஏறக்குறைய 3.7 ஏக்கர். கட்டடம் நிற்கும் நிலத்தின் பரப்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மழைத் தண்ணீரைச் சேர்த்துப் பாய்ச்சுகிறார்கள். அம்மா வாயைப் பிளந்து பார்த்தார்.

"ஏன் பாப்பா, இம்புட்டுக் காட்டுக்கும் புல்லு வெட்றது யாரு? மருந்தடிக்க எப்படி மேல ஏறுவான்?"

முப்பது வருஷம் புல்வெட்டுக் கூட்டத்தில் இருந்தவரின் கேள்வி! எனக்குப் பதில் தெரியவில்லை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஓரிரவுத் தங்கலுக்குக் காசு உள்ளவனுக்குத்தான் அந்தக் குளுமை. டக்ஸ்டனில் 2009இல் கட்டிய பினாக்கல் என்னும் 50 மாடி அரசு வீடுகளைச் சொன்னால் எனக்கு மனம் நிறையும். ஏழு கட்டடம், 1,848 வீடு, 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் ஆகாயத்தில் தோட்டப் பாலங்கள். சாதாரணச் சம்பளக்காரர் குடியிருக்கும் இடம்.

இலங்கையில் இந்தக் கலைக்குப் பெரிய பெயர் ஜெஃப்ரி பாவா. 1919இல் பிறந்தவர், முதலில் வழக்கறிஞர். 1948இல் பெந்தோட்டைப் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தை வாங்கி, லுனுகங்கை என்று பெயரிட்டு, அதைத் திருத்தத் தொடங்கிய ஆசையில்தான் பிறகு கட்டடக்கலையே படித்தார். பின்னாளில் தம்புள்ளைக்குப் பக்கத்தில் அவர் கட்டிய கந்தலம ஹோட்டல், பாறையோடு ஒட்டிக் கொடி மூடி, தூரத்திலிருந்து பார்த்தால் காடா கட்டடமா என்று தெரியாதாம். ரப்பர்த் தோட்டத்தில் தொடங்கிய கலை என்று படித்தபோது எனக்கு ஒரு விதமான பெருமை. கூடவே ஒரு குறுகுறுப்பு. அதே ரப்பர் மரத்தடியில் எத்தனையோ பேர் பிறந்து வளர்ந்தோம். எங்கள் வீட்டைப் பற்றி யாரும் ஓர் இரவு உட்கார்ந்து யோசித்ததில்லையே.

கூட்டத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். வந்திருந்த பொறியாளர் இளம்பிள்ளை, பணிவாகப் பேசினார். நான் எழுந்து சொன்னேன்: "தம்பி, நாம இருக்கிறது பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல. காலையில கிழக்குச் சுவர் காயும், சாயங்காலம் மேற்குச் சுவர் காயும். வடக்கும் தெற்கும் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். வரிசையைத் திருப்பி வாசலை வடக்கு தெற்காக வையுங்க. இன்னும் முளைக்குச்சி கூட அடிக்கலையே, செலவு ஒண்ணும் ஆகாதே."

பிள்ளை வரைபடத்தை விரித்தார். "அக்கா, நீங்க சொல்றது சரிதான். ஆனா நிலம் நீளவாக்குல கிடக்கு. திருப்பினா 34 வீடுதான் வரும்."

கூடம் அமைதியாகிவிட்டது. நாலு வீடு என்றால் நாலு குடும்பம். யாரைப் போகச் சொல்வது? பின் வரிசையிலிருந்து ஒருவர், "வெயில் அடிச்சாலும் பரவாயில்லை, கூரை இருந்தாப் போதும்" என்றார். அவர் மகன் தோட்டத்துப் பள்ளியில் படிக்கிறான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. மூன்று வாரமாக மனத்தில் கட்டி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் சரிந்தது. வரிசையைத் திருப்பச் சொன்னதை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பிறகு மிச்சத்தைக் கேட்டேன். கூரை உச்சியில் அப்பா ஆயாக் கொட்டகைக்கு வைத்தது போன்ற திறப்பு. தகரத்துக்கு அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு. நடு அறைக்கு மேலே வானம் பார்த்த சிறு முற்றம். முன்னால் நாலடிக்குக் குறையாத தாழ்வாரம், அதை வீட்டுக்கு வீடு அடைக்காமல் வரிசை நெடுக ஒன்றாக விடுவது. கதவுகளுக்கு மேலே துளைக் கற்கள். பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தியும் காட்டினேன். மூடிக் கிடந்த அந்தக் கூடத்தில் புகை ஆடாமல் நின்றது. சிலர் சிரித்தார்கள். பொறியாளர் சிரிக்கவில்லை, எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து விட்டுப் பார்த்தார்.

கூரைத் திறப்பும் துளைக் கற்களும் ஒப்புக்கொண்டார்கள். விரிப்பும் உண்டு. தாழ்வாரம் மூன்றடி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஒரே நடையாக விடுவதைக் கேட்டுச் சொல்வார்களாம். முற்றம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

போன மாதம் நிலத்தில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். எங்களுக்கு விழுந்தது இரண்டாம் வரிசையில் ஏழாவது. அம்மா குடையை ஊன்றிக்கொண்டு வாசல் வரும் இடத்தில் நின்று, சாயும் சூரியனைப் பார்த்தார். மேற்கே பன்னிரண்டு அடி எண்ணி நடந்தார். மடியிலிருந்து பிளாஸ்டிக் பையை அவிழ்த்தார். உள்ளே ஒரு ரம்புத்தான் கன்று. தம்பி வீட்டு மாடிப்படியில் பால் டின்னில் வைத்து வளர்த்ததாம், எனக்கே தெரியாது.

"வீடு வர ரெண்டு வருஷமாகும்னுதானே சொன்னாங்க? அதுக்குள்ள இது ஆளுயரம் வந்துடும்."

மண்வெட்டி கிடைக்கவில்லை. பாராங் கத்தி ஒன்றை இரவல் வாங்கிக் குழி பறித்து நட்டோம். மண் தள்ளும் இயந்திரம் ஏறிவிடாதிருக்க, அந்தப் பொறியாளர்ப் பிள்ளை நாலு குச்சி நட்டுச் சிவப்பு நாடா சுற்றி விட்டார்.